பெரிய தொண்டு நிறுவனம் ‘திவால்’ ஆனா யாருக்கு என்ன கிடைக்கும்? (தர்மபுரி – கிருஷ்ணகிரி)

தகடூர்க்காரன்
ரெண்டு மாவட்டத்திலும் குழந்தைத் திருமணம், கொத்தடிமை ஒழிப்புன்னு பல வருஷமா வேலை செய்யும் ஒரு பெரிய உரிமை அமைப்பு. பெயர் வேண்டாம், மாடரேட்டர் வெட்டிடுவார். அறுபது பேருக்கு மேல் ஊழியர்கள், அஞ்சு மாசமா சம்பளம் இல்லை. அச்சகம், வாடகை வண்டி, சாமியானாக்காரர் எல்லாருக்கும் பாக்கி. இப்ப தலைமை "நாங்க திவால் அறிவிக்கப் போறோம்"னு சொல்லுது. இதுக்கு சட்டத்தில் என்ன அர்த்தம்? ஊழியர், கடைக்காரர், குழுப் பெண்கள் யார் யார் எங்கே போகணும்? விவரம் தெரிஞ்சவங்க மட்டும் சொல்லுங்க. திட்டுறதுக்கு வேற இழை இருக்கு.

சட்டப்பிரிவு
முதல் கேள்வி: அது எந்த வகைப் பதிவு? மத்ததெல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

அறக்கட்டளைன்னா (டிரஸ்ட்) ‘திவால் அறிவிப்பு’ன்னு ஒரு வழியே கிடையாது. 2016 திவால் சட்டத்தின் நிறுவன நடைமுறை கம்பெனிக்கும், எல்எல்பிங்கிற வரம்புப் பொறுப்புக் கூட்டாண்மைக்கும்தான். சங்கத்துக்கும் (தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975) அதே கதை. அங்கே உறுப்பினர் சிறப்புத் தீர்மானம் போட்டு கலைக்கணும், கடனை அடைக்கணும், மிஞ்சினதை உறுப்பினர்கள் பங்கு போட்டுக்க முடியாது.

பிரிவு 8 கம்பெனியா (கம்பெனிச் சட்டத்தில் பதிவான லாப நோக்கமற்ற கம்பெனி) இருந்தா மட்டும் சென்னை என்சிஎல்டி (தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம்). லாப நோக்கம் இல்லாட்டியும் அது கம்பெனிதான். பாக்கி குறைஞ்சது 1 கோடி இருந்தா கடன்காரரே மனு போடலாம் (2020 மார்ச் 24 வரை அந்த வரம்பு 1 லட்சம்தான்). நிறுவனம் தானாகவும் அதே திவால் சட்டத்தின் பிரிவு 10-ல் போகலாம்.

ஆக, டிரஸ்ட் நடத்துறவர் "திவால் அறிவிக்கிறேன்"னு சொன்னா "கேக்க வராதீங்க"ன்னு அர்த்தம். வேற ஒண்ணும் இல்லை.

தகடூர்க்காரன்
டிரஸ்ட்தான்னு சொல்றாங்க. ஆனா லெட்டர்ஹெட்டில் மூணு அமைப்பின் பேர் இருக்கு.

பற்று_வரவு
மூணு பேர்னா மூணு பான் எண், மூணு பேலன்ஸ் ஷீட். பழைய டிரஸ்ட் வெளிநாட்டுப் பணத்துக்கு, சங்கம் அரசுத் திட்டத்துக்கு, பிரிவு 8 கம்பெனி சிஎஸ்ஆருக்கு (கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி). இந்த அமைப்பு முறை பரவலா இருக்கு. உங்க பாக்கி எதன் மேல்ங்கிறதை சம்பளச் சீட்டு, பி.எஃப். பாஸ்புக்கில் இருக்கும் நிறுவனப் பெயர், பர்சேஸ் ஆர்டர், வங்கிக்கு வந்த பணத்தை அனுப்பியவர் பெயர் இந்த நாலையும் வெச்சு முடிவு பண்ணுங்க. நாலும் ஒரே பேரைச் சொல்லாது. அதுவே பின்னாடி சாட்சியாகும்.

ஆவணம் எடுக்கும் வழி: சங்கம்னா மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கட்டணம் கட்டி தாக்கல் செய்த கணக்கு, நிர்வாகக் குழுப் பட்டியல் நகல் கேளுங்க. கம்பெனின்னா எம்சிஏ (கம்பெனி விவகார அமைச்சகம்) தளத்தில் கட்டணம் கட்டி பார்க்கலாம். டிரஸ்ட் கொஞ்சம் கஷ்டம். டிரஸ்ட் பத்திரம் பெரும்பாலும் சார்பதிவாளரிடம் 4-ஆம் புத்தகத்தில் இருக்கும், அதன் நகல் பத்திரத்துக்குத் தொடர்புடையவருக்கு மட்டும்தான் தருவாங்க. ஆனா நிலம் 1-ஆம் புத்தகம், அது யாருக்கும் திறந்தது. டிஎன்ரெஜிநெட்டில் (பதிவுத்துறை இணையதளம்) சர்வே எண் போட்டு வில்லங்கம் எடுங்க. பயிற்சி மையம் நிற்கும் நிலம் டிரஸ்ட் பேரிலா, நிறுவனர் பேரிலா, பத்திரத்தை வங்கியில் ஒப்படைச்ச பதிவு இருக்கா, மூணுமே தெரிஞ்சிடும்.

களப்பணி_அரூர்
பணம் எங்கே போச்சுன்னு ஊழியர்கள் கேட்டா "டோனர் (நிதி கொடுக்கிறவர்) பணம் வரலை"ன்னு ஒரே பதில். அது உண்மையா இல்லையான்னு எப்படிப் பார்க்கிறது?

பற்று_வரவு
ஒரே ஒரு கழித்தல். செலவாகாத கிராண்ட் (திட்ட மானியம்) மொத்தம் – (வங்கி இருப்பு + எஃப்டி எனும் நிரந்தர வைப்பு).

கற்பனைக் கணக்கு ஒண்ணு போடறேன். ஆறு திட்டம் நடக்குது. பேலன்ஸ் ஷீட்டின் கடன் பக்கம், ‘செலவாகாத மானியம்’ அட்டவணையில் ஆறும் சேர்ந்து 1 கோடியே 12 லட்சம். சொத்துப் பக்கம் வங்கியில் 38 லட்சம், எஃப்டி 20 லட்சம், ஆக 58. மீதி 54 லட்சம் இருக்கணும், இல்லை. அதாவது ‘அ’ டோனர் குடிநீருக்குக் கொடுத்தது ‘ஆ’ திட்டத்தின் சம்பளமா மாறிடுச்சு. அலுவலகத்தில் இதை ‘ப்ராஜெக்ட் கைமாத்து’ம்பாங்க. புத்தகத்தில் ‘திட்டங்களுக்கு இடையிலான கடன்’னு நாகரிகமா இருக்கும்.

பணம் வராமல் போனா இந்த ஓட்டை விழாது. பணம் வந்து, வேற இடத்தில் செலவாகியிருந்தாத்தான் விழும். எஃப்டியைப் பார்க்கும்போது அது ஓவர்டிராஃப்டுக்கு அடமானமான்னும் பாருங்க. அப்படி இருந்தா அந்த 20-ம் கிடையாது.

களப்பணி_அரூர்
சார், உடனே திருட்டுன்னு போயிடாதீங்க. அந்த 54 லட்சம் யாரும் பாக்கெட்ல போடாமலே வரும். நேரடித் திட்டச் செலவு வருஷம் 3 கோடி. பொதுச் செலவு, அதாவது வாடகை, கணக்குப் பிரிவு, ஆடிட், மனிதவளம், இயக்குநர் சம்பளம், வண்டி பராமரிப்பு 42 லட்சம். 14 சதவீதம், பெரிய ஆடம்பரம் இல்லை. ஆனா டோனர்கள் சராசரியா கொடுக்கிறது 6 சதவீதம், 18 லட்சம். வருஷத்துக்கு 24 லட்சம் துண்டு. ரெண்டு வருஷம் 48. அதோட ஒரு டோனர் "இந்தச் செலவை ஏத்துக்க மாட்டேன்"னு 6 லட்சம் தள்ளுபடி பண்ணினா 54 ஆச்சு.

கடைசித் தவணை விஷயம் இன்னும் மோசம். பல கிராண்டில் 10 முதல் 20 சதவீதம் வரை பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுத்த பிறகுதான் விடுவாங்க. சான்றிதழுக்கு முழுசா செலவழிச்சிருக்கணும். செலவழிக்கக் காசு? பக்கத்துத் திட்டத்தில் இருந்துதான். அரசுத் திட்டங்களில் அந்தத் தவணை அடுத்த நிதியாண்டுக்குப் போறது சாதாரணம்.

பற்று_வரவு
> யாரும் பாக்கெட்ல போடாமலே வரும்

ஒத்துக்கிறேன். ஆனா அந்த 24 லட்சம் துண்டை ஏப்ரல் மாசமே பட்ஜெட்டில் எழுதி நிர்வாகக் குழு முன்னாடி வைக்காததுக்கு டோனர் காரணம் இல்லை. 6 சதவீதத்துக்கு ஒத்துக்கிட்டு கையெழுத்துப் போட்டது யார்? வாடகை, ஆடிட், கணக்காளர் சம்பளத்தைத் திட்டவாரியாப் பிரிச்சு நேரடிச் செலவாவே முன்மொழிவில் காட்டலாம். வருகைப் பதிவேட்டில் ஒருத்தர் எந்தத் திட்டத்துக்கு எத்தனை நாள்னு எழுதி, அந்த விகிதத்தில் சம்பளத்தைப் பிரிக்கணும். பலர் இதைச் செய்யாமல் ஒரே ஆளின் முழுச் சம்பளத்தை ரெண்டு டோனருக்கும் காட்டிடறாங்க. அதுக்குப் பேர் இரட்டைக் கணக்கு, அது மோசடிதான்.

சிஎஸ்ஆரில் ஒரு தவறான புரிதல் சுத்துது: "5 சதவீதத்துக்கு மேல் நிர்வாகச் செலவு கூடாது." அந்த 5 சதவீத வரம்பு கம்பெனி தன் சிஎஸ்ஆர் பிரிவை நடத்தும் பொது நிர்வாகச் செலவுக்கு. குறிப்பிட்ட திட்டத்தை வடிவமைக்க, நடத்த, கண்காணிக்க நேரடியா ஆகும் செலவு அதில் சேராது. ஓசூர் பக்கம் கம்பெனிகளிடம் பேசும்போது இந்த விதியைக் கையில் வெச்சுப் பேசினாலே கொஞ்சம் கிடைக்கும்.

வெளிநாட்டுப் பணம் வேற சட்டம், எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்). 2020 திருத்தத்துக்கு அப்புறம் நிர்வாகச் செலவு 20 சதவீதம்தான், முன்னாடி 50. வேற அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் தடை. வரவு டெல்லி எஸ்பிஐ பிரதான கிளைக் கணக்குக்குத்தான் வரணும், உள்ளூர்ப் பணத்தோட கலக்கக் கூடாது. ஆக எஃப்சிஆர்ஏ கணக்கில் இருந்து உள்ளூர்த் திட்டத்துக்கு ‘கைமாத்து’ போச்சுன்னா, திருப்பி வெச்சாலும் மீறல் மீறல்தான். அந்தத் திருத்தத்துக்கு முன்னாடி பெரிய அமைப்புகள் சின்ன அமைப்புகளுக்குத் துணை மானியம் கொடுத்து அதில் ஒரு பங்கை பொதுச் செலவுக்கு வெச்சுக்கிட்டு ஓடின. அந்தக் குழாய் அடைஞ்ச பிறகும் அதே ஊழியர் எண்ணிக்கை, அதே கட்டடம். பலருடைய துண்டு அங்கேதான் ஆரம்பிச்சது.

ஊத்தங்கரை_ஆடிட்
வவுச்சர் பக்கத்தை யாரும் தொடலையே. தப்பு முதலில் தெரியறது பயிற்சிச் செலவில். பங்கேற்பாளர் 40 கையெழுத்து, ஆனா சாப்பாட்டு பில் 75 பேருக்கு. கையெழுத்துகள் ரெண்டே பேனாவில், ஒரே சாய்வில். அதே தேதியில் அதே பயிற்றுநர் அஞ்செட்டியிலும் பாப்பிரெட்டிப்பட்டியிலும் படி வாங்கியிருப்பார். வண்டி லாக் புக்கில் கிலோமீட்டர் எப்பவும் பூஜ்யத்தில் முடியும். டீசல் பில் வரிசை எண் மூணு மாசத்துக்கு 211, 212, 213னு தொடரும், அந்த பங்க்கில் வேற யாரும் டீசலே போடலை போல.

அடுத்தது ‘ஊழியர் முன்பணம்’ அட்டவணை. ஆறு மாசத்துக்கு மேல் தீராத முன்பணம், அதுவும் நிறுவனரின் உறவுக்காரர் பேரில் இருந்தா, அது முன்பணம் இல்லை. வருமான வரியில் நிறுவனர், அறங்காவலர், அவங்க உறவினர் எல்லாரும் ‘தொடர்புடைய நபர்’. வட்டியில்லாக் கடன், சந்தைக்கு மேல் வாடகை, தகுதிக்கு மீறின சம்பளம் எது கொடுத்தாலும் வரிவிலக்கில் கை வைப்பாங்க. ஒரு ஆளுக்கு ஒரு நாளில் 10,000-க்கு மேல் ரொக்கமாக் கொடுத்த செலவும் அறப்பணிச் செலவாக் கணக்கில் ஏறாது.

இதையெல்லாம் விட சுலபமான அறிகுறி டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடிக்கும் வருமான வரி), பி.எஃப். பணம் குறையும்போது முதலில் நிறுத்தறது அதைத்தான், ஏன்னா உடனே யாரும் வந்து கதவைத் தட்டறதில்லை.

பர்கூர்_ராகி
ஒரு கேள்வி. பெரிய உரிமை அமைப்புகள் வெளிநாட்டில் இப்படி விழுந்திருக்கா? இல்லை நம்ம ஊர் வியாதியா?

கடல்கடந்தவன்
தாராளமா. அமெரிக்காவில் ஏகார்ன். 1970-ல் ஆர்க்கன்சாவில் ஆரம்பிச்சு ஏழைகளின் வீட்டுரிமை, வாக்காளர் பதிவுன்னு நாடு முழுக்க வளர்ந்தது. நிறுவனர் வேட் ராத்கேயின் தம்பி டேல் ராத்கே 1999–2000-ல் கிட்டத்தட்ட 10 லட்சம் டாலர் கையாடினார். தலைமையில் சிலருக்கு மட்டும் தெரியும், புத்தகத்தில் கடன்னு காட்டி மூடினாங்க, குடும்பம் வருஷம் 30,000 டாலர் திருப்பித் தரணும்னு ஏற்பாடு. முழு நிர்வாகக் குழுவுக்கு 2008-ல்தான் தெரிஞ்சது. 2009-ல் ரகசிய வீடியோ சர்ச்சை, நாடாளுமன்றம் நிதியை வெட்டியது. 2010 நவம்பரில் சாப்டர் 7, அதாவது வித்து அடைச்சு மூடும் திவால். வீடியோ பாதி வெட்டி ஒட்டினதுன்னு ஒரு வாதம் உண்டு, இருக்கட்டும். ஆனா எட்டு வருஷம் குழுவிடம் மறைச்ச பிறகு அடி விழும்போது கூட நிற்க டோனர் யாரும் மிச்சமில்லை.

இன்னொரு முனையில், துப்பாக்கி உரிமைக்காரங்க என்ஆர்ஏ. நியூயார்க் அட்டர்னி ஜெனரல் 2020 ஆகஸ்டில் நிதி முறைகேடு வழக்கு போட்டார். 2021 ஜனவரியில் என்ஆர்ஏ டெக்சாசில் சாப்டர் 11 மனு போட்டது, அதாவது மூடாமல் கடனைச் சீரமைக்கும் திவால். தலைமை நிர்வாகி வெய்ன் லாபியர் தன் நிர்வாகக் குழுவில் பெரும்பாலானவர்களிடம் முன்கூட்டிச் சொல்லவே இல்லை. கையில் பணமும் இருந்தது. மே 11-ல் நீதிபதி தள்ளுபடி பண்ணினார், நல்லெண்ணத்தில் போட்ட மனு இல்லைன்னு. 2024 பிப்ரவரியில் ஜூரி லாபியரால் அமைப்புக்கு 54 லட்சம் டாலர் நஷ்டம்னு சொன்னது.

பிரிட்டனில் கிட்ஸ் கம்பெனிங்கிற குழந்தைகள் தொண்டு அமைப்பு 2015 ஆகஸ்டில் மூடியது. சில நாள் முன்னாடிதான் அரசு 30 லட்சம் பவுண்டு கொடுத்திருந்தது. கையிருப்பு இல்லாமலே பல வருஷம் ஓடின அமைப்பு. ஆனா 2021-ல் உயர் நீதிமன்றம் அறங்காவலர்களைத் தகுதிநீக்கம் செய்ய மறுத்துடுச்சு. இதையும் சேர்த்துச் சொல்லணும், விழுந்த எல்லாரும் களவாணி இல்லை.

சட்டப்பிரிவு
நல்ல ஒப்பீடு. ஒரு வித்தியாசம்: அமெரிக்காவில் லாப நோக்கமற்ற அமைப்பைக் கடன்காரர் வலுக்கட்டாயமா திவாலுக்கு இழுக்க முடியாது, அது தானாத்தான் போகணும். இங்கே பிரிவு 8 கம்பெனியை இழுக்கலாம்.

மகளிர்_குழு_பாலக்கோடு
எங்க குழுக்களின் சேமிப்பையும் வங்கிக் கடன் தவணையையும் அந்த அமைப்பின் கூட்டமைப்பு அலுவலகத்தில்தான் கட்டறோம். ரசீது இருக்கு. அது போயிடுமா?

சட்டப்பிரிவு
அக்கா, இதுதான் இந்த இழையிலேயே அவசரமான கேள்வி. இன்னைக்கே ரெண்டு வேலை. ஒண்ணு, குழுவின் பேரில் இருக்கும் வங்கிக் கணக்கின் பாஸ்புக்கைப் பதிவு போட்டு, கட்டின ரசீதோட ஒவ்வொரு வரியாப் பொருத்துங்க. ரசீது தேதிக்கும் வங்கியில் ஏறின தேதிக்கும் இடைவெளி கூடிக்கிட்டே வருதான்னு பாருங்க. முதலில் ரெண்டு நாள், அப்புறம் பத்து நாள், அப்புறம் ஏறவே இல்லைன்னு அது நடக்கும். ரெண்டு, நாளையில் இருந்து தவணையைக் குழுவே நேரா வங்கியில் கட்டட்டும். கடன் குழுவின் பேரில்தான் இருக்கு, இடையில் யாரு முழுங்கினாலும் வங்கி உங்களைத்தான் கேட்கும்.

சேமிப்பு குழுவின் சொத்து, அமைப்பின் வரவு இல்லை. அமைப்பின் கணக்கில் அதை டெபாசிட்டா வாங்கி வெச்சிருந்தா 1997 தமிழ்நாடு முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டமும் (டான்பிட்) 2019 முறைப்படுத்தாத டெபாசிட் தடைச் சட்டமும் உண்டு. புகார் பொருளாதாரக் குற்றப்பிரிவில். தனித்தனியாப் போகாமல் குழு வாரியாத் தொகைப் பட்டியல், ரசீது நகல், தீர்மானப் புத்தக நகலோட போங்க. மாவட்டத்தில் மகளிர் திட்ட அலுவலகத்துக்கும் ஒரு நகல்.

பர்கூர்_ராகி
1989-ல் ஐஎஃப்ஏடி (ஐ.நா.வின் வேளாண் வளர்ச்சி நிதியம்) உதவியோட தமிழ்நாட்டிலேயே சுயஉதவிக் குழு தொடங்கினது நம்ம தர்மபுரியில். அந்த ஊரிலேயே குழுப் பணத்துக்கு இந்த நிலைமைன்னா எரிச்சலா வருது.

ஊத்தங்கரை_ஆடிட்
ஊழியர்களுக்கு. பி.எஃப். முதலில். 15,000 சம்பளத்துக்கு ஊழியர் பங்கு 1,800, நிறுவனப் பங்கு 1,800. அறுபது பேருக்கு மாசம் 2,16,000. ஆறு மாசம் கட்டலைன்னா 12,96,000, அதில் பாதி உங்க சம்பளத்தில் பிடிச்சது. பிடிச்சதைக் கட்டாமல் வெச்சிருக்கிறது வெறும் பாக்கி இல்லை, நம்பிக்கை மோசடிக் குற்றம். யுஏஎன் (உங்க பி.எஃப். எண்) பாஸ்புக்கை பிடிஎஃப்பா இறக்கி, பி.எஃப். பிடித்தம் தெரியும் சம்பளச் சீட்டையும் சேர்த்துப் புகார் கொடுங்க. பி.எஃப். அலுவலகத்துக்கு வங்கிக் கணக்கை முடக்கி எடுக்கும் அதிகாரம் உண்டு. மத்தவங்க வழக்கு போட்டு முடிக்கறதுக்குள்ள அவங்க எடுத்திருப்பாங்க.

பணிக்கொடை: (கடைசி அடிப்படைச் சம்பளம் + பஞ்சப்படி) × 15 ÷ 26 × வருஷம். 18,000, 11 வருஷம்னா 1,14,231 ரூபாய். ராஜினாமா கடிதம் கேட்டு வாங்குவாங்க, அதில் "எனக்கு எந்தப் பாக்கியும் இல்லை"ன்னு ஒரு வரி ஒளிஞ்சிருக்கும். அந்த வரியை அடிச்சிட்டு கையெழுத்துப் போடுங்க.

சட்டப்பிரிவு
ஒரு எச்சரிக்கை. 1978 பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கை வெச்சு "தொண்டு நிறுவனமும் தொழில்தான், தொழில் தகராறு எழுப்பலாம்"னு பழைய ஆட்கள் சொல்வாங்க. 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த தொழிலுறவுத் தொகுப்புச் சட்டம், முழுக்கவோ பெரும்பாலுமோ அறப்பணி செய்யும் அமைப்புகளின் நிறுவனங்களை ‘தொழில்’ வரையறையில் இருந்து விலக்கியிருக்கு. அதனால் வேலைநீக்கத்தை எதிர்க்கும் வழக்கு இழுபறி. சம்பளப் பாக்கி மனு வேற தடம், அதைத் தொழிலாளர் துறையில் தனியாப் போடுங்க. ரெண்டையும் ஒரே மனுவில் குழைக்காதீங்க.

பிரிவு 8 கம்பெனி என்சிஎல்டிக்குப் போயிருந்தா ஊழியர் உரிமைக்கோரல் ‘டி’ படிவம், கடைக்காரருக்கு ‘பி’ படிவம். கலைப்பில் தொழிலாளர் பாக்கி 24 மாசம் வரை அடமானக் கடன்காரரோட சம வரிசை. ‘தொழிலாளர்’ வரையறைக்குள் வராத ஊழியருக்கு 12 மாசம், அதுக்கு அடுத்த வரிசை. பி.எஃப்., பணிக்கொடை நிதி அந்தப் பொதுப் பானையிலேயே சேராது.

சாமியானா_காரிமங்கலம்
கடைக்காரனுக்கு? செக் ரெண்டு கையில் இருக்கு, ரெண்டும் திரும்பிடுச்சு.

சட்டப்பிரிவு
திரும்பின மெமோ தேதியில் இருந்து 30 நாளுக்குள் நோட்டீஸ், அது கிடைச்சு 15 நாள் அவகாசம், அப்புறம் ஒரு மாசத்துக்குள் புகார். 30 நாள் தாண்டிட்டா, செக் காலாவதி ஆகாமல் இருந்தா மறுபடி போட்டு புது மெமோ வாங்கலாம். டிரஸ்டுக்குச் சட்டப்படி தனி ஆளுமை இல்லை, அதைச் சேர்க்காமலே கையெழுத்துப் போட்ட தலைவர் மேல் வழக்கு நடக்கும்னு 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. முன்னாடி "டிரஸ்டைச் சேர்க்கலை"ன்னே பல வழக்கு விழும்.

அச்சகக்காரர் உத்யம் (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) பதிவு வெச்சிருந்தா குறு, சிறு நிறுவன வசதிக் கவுன்சிலில் 45 நாள் தாண்டின பாக்கிக்கு வட்டியோட கேட்கலாம், ரிசர்வ் வங்கி விகிதத்தின் மூணு மடங்கு கூட்டு வட்டி. செக் இல்லாதவங்க மூணு வருஷக் காலவரம்பை மறக்கக் கூடாது. அதுக்குள்ள "இவ்வளவு பாக்கி"ன்னு ஒரு கடிதம், மெயில் வாங்கினா அன்னையில் இருந்து புதுசா மூணு வருஷம்.

தகடூர்க்காரன்
உறுப்பினர்களோ பயனாளிகளோ நிர்வாகத்தையே கேள்வி கேட்க வழி?

சட்டப்பிரிவு
சங்கம்னா மூணில் ஒரு பங்கு உறுப்பினர் சேர்ந்து கேட்டா மாவட்டப் பதிவாளர் பிரிவு 36 விசாரணை. பொது அறக்கட்டளைன்னா அக்கறையுள்ள ரெண்டு பேர் நீதிமன்ற அனுமதியோட மாவட்ட நீதிமன்றத்தில் உரிமையியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 92 வழக்கு போடலாம். கணக்குக் கேட்கலாம், அறங்காவலரை நீக்கச் சொல்லலாம். தன் சம்பளப் பாக்கியை அதில் கேட்டா தள்ளுபடிதான், அது பொது நலனுக்கான வழக்கு.

களப்பணி_அரூர்
எல்லாரும் பாய்ஞ்சா இருக்கிற திட்டமும் நிற்கும். காப்பாத்த வழியே இல்லையா?

பற்று_வரவு
உண்டு, ஆனா தலைமை ஒரு விஷயத்துக்கு ஒத்துக்கணும்: ஓட்டை எவ்வளவுன்னு டோனர்களிடம் எழுத்தில் சொல்றது. அதுக்கு முன்னாடி எல்லாத் திட்டக் கணக்கிலும் செலவை நிறுத்தி, அடுத்த 13 வாரத்துக்கு வாரவாரியா வரவு-செலவுப் பட்டியல் போடணும். புதுக் கிராண்டில் கையெழுத்துப் போட்டு அந்த முன்பணத்தில் பழைய சம்பளம் கொடுக்கிறதை அன்னைக்கே நிறுத்தணும், அதுதான் பாக்கியைக் குற்றமா மாத்தறது. பி.எஃப்., டிடிஎஸ், குழுப் பணம் முதல் வரிசை. நடக்கும் திட்டத்தை டோனர் சம்மதத்தோட ஊழியரையும் சேர்த்து வேற அமைப்புக்கு மாத்தலாம். எஃப்சிஆர்ஏ பணத்தை மட்டும் மாத்த முடியாது, டோனர் புது அமைப்போட புது ஒப்பந்தம் போடணும்.

ஊத்தங்கரை_ஆடிட்
மூடும்போது வருமான வரியில் ஒரு கண்ணி இருக்கு. புத்தகப்படி கடன் அதிகம், அதனால் வரி ஒண்ணும் வராதுன்னு நினைப்பாங்க. கலைச்ச பிறகு 12 மாசத்துக்குள் மீதிச் சொத்தை வேற பதிவுபெற்ற அறநிறுவனத்துக்கு மாத்தலைன்னாலோ, பதிவு ரத்தானாலோ, சொத்தின் சந்தை மதிப்பில் கடனைக் கழிச்ச மீதிக்கு உச்ச விகிதத்தில் வரி. பழைய சட்டத்தில் இது 115டிடி, 2026 ஏப்ரல் 1 முதல் புதுச் சட்டம், எண்கள் மாறியிருக்கு. தேசிய நெடுஞ்சாலை 44 ஓரமா 3 லட்சத்துக்கு வாங்கின நிலம் புத்தகத்தில் இன்னும் 3 லட்சம்தான். சந்தையில் கோடி. அறங்காவலர் தலையிலேயே அந்த வரி விழும்.

தகடூர்க்காரன்
வில்லங்கம் எடுத்தேன். பயிற்சி மைய நிலம் டிரஸ்ட் பேரில்தான், அடமானம் இல்லை. ஆனா கட்டடம் வெளிநாட்டுப் பணத்தில் கட்டினதுன்னு பலகை இருக்கு. அதை வித்து சம்பளம் கொடுக்கச் சொல்லலாமா?

சட்டப்பிரிவு
எஃப்சிஆர்ஏ பதிவு உயிரோட இருக்கும்வரை வித்த பணம் எஃப்சிஆர்ஏ கணக்குக்கே போகணும், அந்தப் பணத்தின் நோக்கத்துக்கே செலவாகணும். பதிவு ரத்தாச்சுன்னா பிரிவு 15-ன்படி வெளிநாட்டுப் பணமும் அதில் உண்டான சொத்தும் அரசு குறிப்பிடும் அதிகாரியிடம் போயிடும். ஆகவே பதிவு காலாவதி தேதியை முதலில் பாருங்க, அஞ்சு வருஷத்துக்கு ஒரு முறை. அந்தக் கட்டடம் எந்தத் திட்டத்துக்காகக் கட்டினதோ அதன் ஊழியர் சம்பளம்னா பேச இடம் இருக்கு. மத்தவங்க பாக்கிக்கு அந்தக் கட்டடத்தை நம்பாதீங்க. நிலம் எந்தப் பணத்தில் வாங்கினதுன்னு கிரயப் பத்திரத்தில் செக் எண் இருக்கும், அது உள்ளூர்க் கணக்கா எஃப்சிஆர்ஏ கணக்கான்னு பாருங்க. கிரயப் பத்திர நகலுக்கு மனு போட்டுட்டு அந்த எண்ணை இங்கே போடாமல் உங்க வக்கீலிடம் கொடுங்க.